தனுஷ்கோடிக் கப்பற்றுறையின் வரலாறு



மலையில் வாழும் ஒருவன் கடற்றுறையைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். யான் ஆசிரியத் தொழில் புரியும் கிளாவரை, கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், பூண்டி முதலிய ஊர்களைக் கடந்து, கேரள நாட்டெல்லையை அடுத்து நிற்கும் மேல்மலைச் சிற்றூராகும். வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவித்து வாழும் எம்மூர்ச் சிறார்களுட் பலர், கடலைப் பாடப்புத்தகத்துப் படத்திலன்றி வேறெங்கும் கண்டிலர். எனினும் சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி என் கருத்தை மலையினின்றும் கடலுக்கு இழுத்துச் சென்றது.

வரலாற்றுப் பாடம் நடத்துங்கால், "உங்கள் இல்லத்திலுள்ள பழம்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று மாணாக்கர்க்குப் பணித்திருந்தேன். ஒருவன் உழக்கு கொணர்ந்தான். ஒருவன் பனையோலைச் சுவடியின் கிழிந்த ஏடொன்று கொணர்ந்தான். மற்றொருவனோ, நான்காக மடித்து, மடிப்புதோறும் பிய்ந்து, பசையிட்டு ஒட்டப்பெற்ற ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். இலங்கையினின்றும் தாயகம் திரும்பியோர்க்கு அளிக்கப்பெற்ற குடும்ப அட்டை அது. அதனைப் பத்திரமாகத் திருப்பித் தரும்பொருட்டு அன்று மாலையே அச்சிறுவன் இல்லத்திற்குச் சென்றேன். அவன் கொள்ளுப்பாட்டியாராகிய மூதாட்டியார் என்னைத் திண்ணையில் இருத்தி, கடுங்காப்பி கொடுத்துக் கூறிய சொற்கள் இவை:

"வாத்தியாரையா, எங்க அப்பாரு சின்னப் பிள்ளையா இருக்கையில தனுஷ்கோடியில கப்பலேறுனாரு. நாங்க திரும்பி வாறப்ப ராமேசுவரத்துல எறக்கி விட்டாங்க. அப்பாரு ஏறுன துறை எங்கேன்னு கேட்டேன். கடலைக் கை காட்டுனாங்க."

அம்மூதாட்டியார் வினவிய துறையின் வரலாற்றை ஆராய்ந்து அறிந்த அளவில் இங்கு எழுதுகின்றேன். இதனை எழுதுதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

துறை அமையுமுன்

தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடையே கடல் வழக்கு மிகத் தொன்மையானது. ஆயினும் ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடக்கத் தொடங்கியது, ஆங்கிலேயர் கண்டி மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் அமைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம். 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் பற்றிக் காப்பிப் பயிர் பட்டழிய, அவ்விடத்துத் தேயிலை புகுந்தது. பயிர் மாறினும், உழைக்கும் கை தமிழர் கையாகவே இருந்தது.

அந்நாளில் தொழிலாளர் இராமநாதபுரக் கரையோரத் துறைகளில் தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்குவர். ஆண்டிருந்து நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்து மாத்தளை சேர்வர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். பொருள் படைத்தோர்க்கோ வேறு வழி இருந்தது. 1876ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்துவிட்டமையால், புகைவண்டியில் தூத்துக்குடி சேர்ந்து, அங்கு நீராவிக் கப்பலேறிக் கொழும்பில் இறங்குவர். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கும்பினியைத் தோற்றுவித்து வெள்ளையர் கும்பினியுடன் போட்டியிட்டது இத்தூத்துக்குடி, கொழும்பு வழியிலேயாம்.

தூத்துக்குடியினின்று கொழும்பு செல்லும் கடல்வழி நெடியது. இராமேசுவரத் தீவின் கீழைமுனைக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடலோ ஏறத்தாழ இருபது மைல் அகலமே உடையது. இக்குறுகிய நீரைக் கடக்க ஒரு வழி கண்டால், சென்னையையும் கொழும்பையும் ஒரே பிரயாணத்தால் இணைத்துவிடலாம் என்னும் எண்ணம் இருப்புப்பாதைக் கும்பினியார்க்கு எழுந்தது. மணற்றிட்டுகளின்மீதே தண்டவாளம் இட்டு இலங்கை வரையிற் செல்வது பற்றியும் ஆராய்ச்சிகள் நடந்தன. செலவு மிகுதியென்று அது கைவிடப்பட்டது. கரையிற் புகைவண்டியும் கடலிற் கப்பலுமாக ஒரே கும்பினி நடத்துவதென்று முடிவாயிற்று.

துறையின் தோற்றம்

மானாமதுரையினின்றும் மண்டபம் வரையில் இருப்புப்பாதை 1902ஆம் ஆண்டில் அமைந்தது. மண்டபத்திற்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட கடலே அதற்கடுத்த தடை. 1911ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, ஒன்றேகால் மைலுக்கு மேற்பட்ட நீளமுடைய பாம்பன் பாலம் கட்டப்பெற்றது. கப்பல்கள் ஊடே செல்லுமாறு, இரண்டு கதவுகள் போன்று மேனோக்கித் திறக்கும் தூக்குப்பாலம் ஒன்று இடையில் அமைக்கப்பெற்றது. அமெரிக்க நாட்டு ஷெர்சர் என்பாரது பெயரால் வழங்கும் முறை அது. அதனைத் திறந்ததும் மூடியதும் இயந்திர விசையன்று. ஆட்கள் நெம்புகோல் பிடித்துச் சுற்றிய கைவலியேயாம்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே தென்னிந்திய இருப்புப்பாதைக் கும்பினியாரின் கப்பல்கள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடலாயின. இலங்கை அரசாங்க இருப்புப்பாதையாரும் மதவாச்சியினின்று தலைமன்னார்க் கடற்பாலம் வரையில் தம் பாதையை நீட்டிக்கொண்டனர்.

தனுஷ்கோடி என்பது வடக்கே அமைதியான பாக்கு நீரிணைப்புக் கடலும், தெற்கே அலை மிகுந்த மன்னார் வளைகுடாவும் சூழ, இடையே நீண்டு கிடக்கும் மணல்முனை. அப்பகுதி மீனவர் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் வழங்குவர். அதற்குமுன் யாத்திரிகர் சேது நீராடுதற்கு வந்துசென்ற அம்முனையில், கும்பினியார் வரவால் புகைவண்டி நிலையமும், சுங்கச்சாவடியும், தபால் தந்தி நிலையமும், மருத்துவமனையும், பள்ளியும், விடுதிகளும், கோயிலும், கிறித்தவர் ஆலயமும் உடைய ஊரொன்று எழுந்தது.

துறையின் இயக்கம்

இத்துறையின் சிறப்பு, புகைவண்டியும் கப்பலும் ஒரே நிருவாகத்தின்கீழ் ஓடியதாகும். சென்னை எழும்பூரில் ஒரு சீட்டு வாங்கிய பிரயாணி அதனைக் கொண்டே வண்டியேறி, கப்பலேறி, மீண்டும் இலங்கை வண்டியேறிக் கொழும்பு சேரலாம். இக்காரணம்பற்றியே அவ்வண்டிக்குப் போட் மெயில் என்று பெயர் வழங்கலாயிற்று. தொடக்கத்தில் இவ்வண்டி திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், மதுரை வழியே மானாமதுரை சேர்ந்தது. ஆகவே நம் மலையடிவாரத்து அம்மையநாயக்கனூரில் உள்ள கொடைக்கானல் ரோடு நிலையத்தையும் அது கடந்து சென்றது. பின்னர்ப் புதுக்கோட்டை, காரைக்குடி வழியே குறுக்குப்பாதை அமைந்தபின் வண்டி அவ்வழி மாறிற்று.

"வண்டியையே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கியிருக்கலாகாதோ?" என்று மாணாக்கன் ஒருவன் கேட்டான். நல்ல வினாவே. நம் கரையில் இருந்தது மீட்டர் அகலப் பாதை. இலங்கையில் இருந்தது ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை. நம் வண்டியின் சக்கரம் அவர் தண்டவாளத்திற் பொருந்தாது. ஆகவே மனிதரும் மூட்டையும் இருகரையிலும் இறங்கி ஏறவேண்டியதாயிற்று.

கும்பினியார் முதலில் ஓட்டிய கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்று பெயர். மூவரும் இந்தியாவை ஆண்ட வைசிராய்கள். பின்னர் வந்த கப்பல்கள் இர்வின், கோஷன் என்பன. இர்வின் பிரபுவும் வைசிராயே. கோஷன் பிரபு சென்னை மாகாண கவர்னர். இப்பெயர்கள் யாவும் ஏட்டில் உள. அக்கப்பல்களின் மேற்றளத்தில் நின்றவர் எவர், கீழ்த்தளத்தில் மூட்டையோடு மூட்டையாக அமர்ந்தவர் எவர் என்பதை நாமே தேடிக் காணவேண்டியுள்ளது.

கப்பலேறியவர்

இத்துறை வழியே சென்றவருள் வணிகரும் உத்தியோகஸ்தரும் யாத்திரிகரும் இருந்தனர். அவர்களினும் மிகுந்த தொகையினர் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரே. மழை பொய்த்த ஆண்டில் கங்காணி ஊருக்கு வருவான்; முன்பணம் கொடுப்பான்; உறவினரும் அயலாருமாக ஒரு கூட்டத்தைத் திரட்டிச் செல்வான். வழிச்செலவும் முன்பணமும் அத்தொழிலாளர் தலையிலேயே கடனாக ஏறும். அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றிற்குச் செல்ல விரும்பும் குடும்பம், துண்டில் எழுதிய கடன் தீர்ந்தாலன்றி நகர முடியாது. 1921ஆம் ஆண்டில்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கப்பலேறுமுன் இவர்களெல்லாம் மண்டபத்தில் இலங்கை அரசாங்கத்தார் அமைத்திருந்த முகாமில் தங்கவைக்கப்பட்டனர். தொற்றுநோய் உண்டோவென்று பார்த்து, அம்மை குத்திய பின்னரே கப்பலுக்கு அனுப்பினர். எந்தத் தோட்டத்திற்குச் செல்கின்றனர் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரவில்லை ஒன்றைத் தொழிலாளர்க்கு அணிவிக்கும் வழக்கமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏற்பட்டிருந்தது. அத்தகரத்தில் தோட்டத்து எண் உண்டு. பிறந்த ஊரின் பெயர் இல்லை. இதனை அன்பர்கள் மனத்திற் கொள்ளவேண்டுகின்றேன்.

1939ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசாங்கத்தார் தடுத்தனர். அதன்பின் இவ்வழியே புதிதாகத் தோட்டத்திற்குச் செல்வது நின்றது. ஆயினும் கப்பல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் வண்டி நில்லாமல் தனுஷ்கோடிக்கு ஓடியதும், ஓடும் வண்டியினின்று எறியப்பட்ட செய்தித்தாட் கட்டுகளைப் பொறுக்கி விற்கும் வேலையே தமக்குக் கிடைத்த முதல் ஊதியம் என்பதும், பின்னாளிற் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் அவர்கள் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியுள்ள செய்திகள்.

உடன்படிக்கையும் புயலும்

இலங்கை 1948ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தால், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தமிழருட் பெரும்பாலோர் எந்நாட்டுக்கும் உரியரல்லர் என்னும் நிலையை அடைந்தனர். அவர்தம் கதியை முடிவு செய்ய 1964ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக அம்மையாரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர்ப் பேசுவதென்றும் அதில் எழுதினர். எஞ்சியோரை இருநாடும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டது 1974ஆம் ஆண்டில். ஆட்டுமந்தையைப் பாகப்பிரிவினை செய்வது போன்று மனிதரைப் பிரித்தெழுதிய அவ்வேட்டில், பிரிக்கப்பட்டவர் எவரும் கையெழுத்திட்டிலர்.

அவ்வுடன்படிக்கை எழுதிய 53ஆம் நாள், டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு, இலங்கையைக் கடந்துவந்த கடும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனில் நள்ளிரவுக்குச் சற்றுமுன் புறப்பட்ட பிரயாணி வண்டி தனுஷ்கோடி நிலையத்தை நெருங்குங்கால் எழுந்த பேரலை அதனை அப்படியே வாரிக்கொண்டது. வண்டியில் 110 பிரயாணிகளும் 5 இருப்புப்பாதை ஊழியரும் இருந்தனர் என்பது பதிவு. ஊரையும் தீவையும் சேர்த்து மாண்டோர் பல நூற்றுவர். நிலையமும் சுங்கச்சாவடியும் ஆலயமும் சுவர்களாய் நின்றன. கப்பல் அணையும் துறை சிதைந்தது. வாழத்தகாத இடமென்று அரசாங்கத்தார் தனுஷ்கோடியைக் கைவிட்டனர்.

பாம்பன் பாலத்திலும் 126 இரும்புத் தூலங்கள் பெயர்ந்து வீழ்ந்தன. தூக்குப்பாலம் மட்டும் தப்பிற்று. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் மேற்பார்வையில், 46 நாட்களில் அப்பாலம் செப்பனிடப்பெற்று வண்டி மீண்டும் ஓடியது வியத்தற்குரியது. ஆனால் வண்டி இராமேசுவரத்தோடு நின்றது. பாம்பனினின்று தனுஷ்கோடி சென்ற பாதையை மீண்டும் அமைத்திலர். ஐந்தே கால் லட்சம் மக்கள் திரும்பிவரல் வேண்டுமென்று ஏட்டில் எழுதி இரண்டு திங்கள் நிறையுமுன்னரே, அவர் முன்னோர் புறப்பட்ட வாயில் இல்லாதொழிந்தது.

திரும்பியோர்

அதன்பின் கப்பற்றுறை இராமேசுவரத்திற்கு மாறியது. தாயகம் திரும்பியோர் தலைமன்னாரில் இராமானுஜம் என்னும் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். முன்னோர் போகும்பொழுது தங்கிய அதே மண்டபம் முகாமிலேயே இவர்களும் தங்கி, எங்கெங்குச் செல்க என்று அரசாங்கத்தார் கூறினரோ அங்கங்குச் சென்றனர். நீலகிரிக்குச் சென்றோர் பலர். பழனிமலைக் காடுகளில், தோல் பதனிடுதற்குப் பட்டை தரும் வாட்டில் மரங்களை வெட்டவும் பட்டை உரிக்கவும் வந்தோரும் உளர். அங்ஙனம் வந்த குடும்பங்களுள் ஒன்றே அம்மூதாட்டியார் குடும்பமாகும். "அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள்" என்று அவர் சிரித்துக்கொண்டே கூறினார். யான் சிரித்திலேன்.

1980களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபின் இராமேசுவரக் கப்பலும் நின்றது. 1990ஆம் ஆண்டில் தலைமன்னார் இருப்புப்பாதையும் சிதைந்து, போர் ஓய்ந்தபின் புதுப்பிக்கப்பெற்று 2015ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மீண்டும் திறக்கப்பட்டது. நம் கரையில் 2007ஆம் ஆண்டில் இராமேசுவரப் பாதை அகலப்பாதையாக மாறிற்று. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பெற்றது. கப்பல் ஓடிய நாளில் இருகரைப் பாதையும் அகலத்தால் வேறுபட்டிருந்தன. இன்று இரண்டும் ஒரே அகலமாயின, இடையே கப்பல் இல்லை! 2017ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரையில் நல்ல சாலை உண்டு. உல்லாசப் பிரயாணிகள் இடிந்த சுவர்களின் முன்னின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

இனி, முதலிற் குறித்த மற்றொரு காரணத்தைக் கூறுகின்றேன். அம்மூதாட்டியாரின் மகனார் நம் சங்கத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்திருந்தார். பூர்வீக ஊர் யாது, குலதெய்வக் கோயில் எங்குள்ளது என்னும் இரண்டு வினாக்களுக்கு அவரால் விடை எழுத இயலவில்லை. அதனால் விண்ணப்பம் முடிவுபெறாமல் நிற்கிறது. சங்கத்துப் பெரியோர் மீது குறை கூறுவது என் கருத்தன்று. வினாக்கள் பழைய வழக்குப்படி அமைந்தவையே. யானும் இவ்வாராய்ச்சியில் இறங்குமுன், "தன் ஊர் இன்னதென்று அறியாதவரும் உண்டோ?" என்றே எண்ணியிருந்தேன்.

அன்பர்கள் எண்ணிப் பார்க்க. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், பஞ்சத்தால் ஊரைவிட்ட பெற்றோர் கையைப் பற்றிக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறினான். அவனைச் சேர்ந்தோர் அணிந்த தகரம் ஊரைக் கூறவில்லை. துண்டு கடனைக் கூறிற்று. கங்காணி ஏட்டில் தலையெண்ணிக்கை இருந்தது, வமிசாவளி இல்லை. பெற்றோர் தோட்டத்திலேயே மாண்டனர். அச்சிறுவன் முதியவனாகித் தன் மகளுக்குக் கூறிச்சென்ற ஓர் இடப்பெயர் தனுஷ்கோடி என்பதே. அவ்விடத்தையும் கடல் கொண்டது. இத்தனையும் இழந்த குடும்பத்தை நோக்கி, "சான்று காட்டுக" என்று நாம் கேட்பது முறையாகுமா?

நம்மவருள் இலங்கை சென்று பொருளீட்டி வந்து வீடு கட்டியோரைப் பெருமையுடன் பேசுகிறோம். வறியராய்த் திரும்பியோரை ஐயத்துடன் நோக்குகிறோம். கப்பல் ஒன்றே, கடலும் ஒன்றே. வரவு செலவு ஒன்றே வேறு.

ஆகவே சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, இலங்கை சென்றுவந்த முதியோர் உள்ள ஒவ்வோர் இல்லத்தாரும், சென்றவர் பெயர், சென்ற ஆண்டு, தோட்டத்தின் பெயர், திரும்பி இறங்கிய துறை, உடன் கொணர்ந்த பொருள், வாய்மொழியாகக் கேட்ட ஊர்ப்பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புக. தட்டித் தடுமாறிக் கூறும் ஊர்ப்பெயரும், தாலாட்டில் வரும் சாமியின் பெயரும், ஒருநாள் மற்றொரு குடும்பத்தார் நினைவோடு பொருந்தக்கூடும். முதியோர் இருக்கும்பொழுதே இதனைச் செய்யவேண்டும். அம்மூதாட்டியார்க்கு இப்பொழுது எழுபதுக்கு மேல் வயதாகின்றது.

இரண்டாவது, விண்ணப்பத்தில் பூர்வீக ஊர் என்னும் இடத்தில், ஊரறியாக் குடும்பத்தார் எவரேனும் "தனுஷ்கோடி வழி சென்றோர்" என்று எழுதினால், அதனையே ஓர் ஊர்ப்பெயராகச் சங்கம் ஏற்றுக்கொள்க. ஐம்பது ஆண்டுகள் நம் மக்கள் ஏறி இறங்கிய துறை அது. இன்று அங்கே வாழ்வோர் சில மீனவக் குடும்பத்தாரே.  அவ்வூர்க்கு நாமாவது சில குடிகளைப் பதிவு செய்வோமாக.